பழைய படத்தில் நிற்கும் பிளசர்: என்ன வண்டி, எந்த வருஷம்?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு ஜானவாசப் படம், அதாவது கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும் படம் உண்டு. கும்பகோணம், ராத்திரி நேரம். கூரை இல்லாத காரில் மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியிலும் பக்கத்திலும் அடைத்துக்கொண்டு ஏழெட்டுக் குழந்தைகள். ஓரத்தில் கேஸ் லைட்டைத் தலையில் தூக்கியவர்கள், முன்னால் நாகஸ்வரக்காரரின் முதுகு மட்டும். "பெரிய தாத்தா கல்யாணம், 1948, ஃபோர்டு கார்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். படத்தின் பின்பக்கம் யாரோ பென்சிலால் அப்படியே எழுதியும் வைத்திருந்தார்கள். மூன்று தகவல், மூன்றும் தப்பு.

டெல்டா பக்கம் இப்படிப்பட்ட படம் இல்லாத பழைய வீடு குறைவு. மிராசுதார் வீட்டுப் பிளசர் (அந்தக் காலத்தில் காருக்கு அதுதான் பெயர்), டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் மோரிஸ், தேர்தல் ஜீப், கல்யாணக் கார். இதற்கெல்லாம் பெயரும் வருஷமும் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, நான் பல தடவை தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் படத்தையே சந்தேகப்படுங்கள்

செல்போனில் ஃபிளாஷ் போட்டுப் படத்தைப் படமெடுக்க வேண்டாம். ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. வைத்து எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை, போன் நம்பர், பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்தால் போதும்.

அடுத்து, படம் திருப்பிப் போட்டதா என்று பாருங்கள். நெகட்டிவை மாற்றி வைத்துப் பிரிண்ட் போடுவது ஸ்டூடியோக்களில் சாதாரணமாக நடந்ததுதான். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதுபோலத் தெரிந்தவுடனே "ஃபாரின் வண்டி" என்று குதிக்கக்கூடாது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் வண்டியின் வலது பக்கம் நமக்கு இடது பக்கம், அதையும் மறக்க வேண்டாம். எழுத்துகள் தெரிந்தால் குழப்பமே இல்லை. தெரியாவிட்டால் ஆட்களைப் பாருங்கள். சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும். வெற்று மார்போடு நிற்கும் தாத்தாவின் பூணூல் இடது தோளிலிருந்து இறங்க வேண்டும். திதி கொடுக்கும்போது அது வலது தோளுக்கு மாறும், வாஸ்தவம்தான். ஆனால் திதியன்று யாரும் காரில் சாய்ந்துகொண்டு போட்டோவுக்கு நிற்கமாட்டார்கள். புடவைத் தலைப்பை வைத்து முடிவு செய்கிறவர்கள் மடிசாரில் மட்டும் ஜாக்கிரதை: ஐயர் கட்டில் தலைப்பு வலது தோளில் வரும், ஐயங்கார் கட்டில் இடது தோளில்.

பெயரை மறந்துவிட்டு உடம்பைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, மூக்கில் ஒட்டியிருக்கும் சின்னத்தைத் தேடுவது. சின்னம், கிரில், வீல் கப் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. தகட்டின் வளைவைத்தான் சுலபமாக மாற்ற முடியாது.

ஹெட்லைட் தனிக் கிண்ணமாக நின்று, மட்கார்டும் ஃபுட்போர்டும் தனித்தனியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் 1930-களின் வண்டி, அல்லது அதற்கு முந்தியது. ஹெட்லைட் மட்கார்டுக்குள் இறங்கிவிட்டால் முப்பதுகளின் கடைசியும் நாற்பதுகளும். மட்கார்டும் கதவும் கலந்து பக்கவாட்டில் ஒரே சுவராக ஆகிவிட்டால் ஐம்பதுகள் வந்துவிட்டன என்று அர்த்தம். இங்கிலாந்து வண்டிகள் இந்த மாற்றங்களுக்கு அமெரிக்க வண்டிகளைவிடச் சில வருஷம் கழித்தே வந்து சேர்ந்தன.

முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாக இருக்கிறதா, ஒரே துண்டா என்பதும் நல்ல தடயம். மோரிஸ் மைனரில் 1956 வரை இரண்டு துண்டு, அப்புறம் ஒன்று. ஷெவர்லேயில் அந்த மாற்றம் 1953 மாடலில் வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் பின்கண்ணாடி: 1953 வரை இரட்டை, 1957 வரை முட்டை வடிவம், 1958 மாடலிலிருந்து அகலமான செவ்வகம்.

வண்டியின் பின்னாலோ பக்கவாட்டிலோ பாய்லர் மாதிரி ஒரு டிரம் தொங்கினால் அது இரண்டாம் உலகப் போர்க்காலம். பெட்ரோல் ரேஷனில் இருந்ததால் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். பஸ்களில்தான் இது அதிகம். ஹெட்லைட்டுக்கு முகமூடி, மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் இருந்தாலும் அதே காலம்தான்.

நம் பக்கம் ஓடியவை

பட்டியல் அவ்வளவு நீளமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் வண்டி பூட்ட, அதாவது பாகங்களைச் சேர்த்து வண்டியாக்க ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டும் இந்தியாவில் இருந்தது. 1950-களின் நடுவில் இரண்டும் கடையைக் கட்டின. 1947-லிருந்து குர்லாவில் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் சென்னையில் ஆஸ்டின் ஏ-40 பூட்டியது. பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது அதுவேதான். அதே காலத்தில் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் முதலில் வேன்கார்டு, பிறகு எயிட், டென், 1961-லிருந்து ஹெரால்டு என்று போட்டது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால், அங்கே எடுத்த படம் என்றால் சித்ரோன், பெஜோ, ரெனோ படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய பிறகு புது வண்டி என்றால் நடைமுறையில் மூன்றே கம்பெனி: இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கைமாறுகிற வரை இதுதான் கதை. ஆகவே 1955-க்குப் பிந்திய படத்தில் இருப்பது அநேகமாக இந்துஸ்தானின் அம்பாசடர், பிரீமியரின் ஃபியட், ஸ்டாண்டர்டின் ஹெரால்டு மூன்றில் ஒன்று, இல்லையென்றால் ஏற்கெனவே பழசாகிவிட்ட சீமை வண்டி.

அம்பாசடரைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். 1957-ல் வந்து 2014 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டி அது. உடம்பு கிட்டத்தட்ட ஒன்றே, முகம்தான் மாறும். அதற்கு முந்திய லேண்ட்மாஸ்டரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இரண்டு இடம் பாருங்கள். லேண்ட்மாஸ்டரின் பானட் வழவழவென்று உருண்டையாக இருக்கும், பின்மட்கார்டு அப்படியே சரிந்து முடியும். அம்பாசடரின் பானட்டில் நீளவாக்கில் பள்ளம் போட்டிருக்கும், பின்மட்கார்டு முனையில் சின்னதாக ஒரு வால் தூக்கும். பிறகு கிரில். அறுபதுகளின் ஆரம்பத்தில் வந்த மார்க் 2-ல் நெருக்கமான சிறு கட்டங்கள், இடியாப்பத் தட்டு மாதிரி. 1975-ல் வந்த மார்க் 3-ல் படுக்கைக் கோடுகள். 1979-ல் வந்த மார்க் 4-ல் கிரில் சின்னதாகி, கட்டங்கள் பெரிதாகி, பார்க் லைட் சதுரமாகிவிடும். படம் மங்கலாக இருந்து ஒன்றுமே தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆளை அளவுகோலாக வையுங்கள். அம்பாசடரின் கூரை சுமார் 1.6 மீட்டர், அதாவது சராசரி ஆணின் கண்ணுக்கோ நெற்றிக்கோ வரும். அவர் கூரைமேல் முழங்கையைத் தாராளமாக ஊன்றிக்கொண்டு நின்றால் அது ஃபியட்டாக இருக்கலாம்.

ஃபியட்டில் பார்க்க வேண்டியது முன்கதவின் கீல். ஐம்பதுகளின் ஃபியட் 1100-ல் முன்கதவு பின்பக்கம் கீல் வைத்தது, முன்கதவும் பின்கதவும் எதிரெதிர்த் திசையில் திறக்கும். 1964-ல் வந்த டிலைட்டிலிருந்து நாம் பார்த்துப் பழகிய மாதிரி. அதே உடம்புதான் 1972-ல் பிரசிடென்ட், 1974-ல் பத்மினி என்று பெயர் மாறியது. எனவே 1968-ல் எடுத்த படத்தின் கீழே "பத்மினி" என்று எழுதினால் தப்பு. வெறும் ஃபியட் என்று எழுதுங்கள்.

ஹெரால்டு சுலபம். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். இரண்டு கதவு என்றால் முந்தியது. நாலு கதவு என்றால் 1968-ம் அதற்குப் பிறகும்.

பெரிய அமெரிக்க வண்டி எதைப் பார்த்தாலும் நம் ஊரில் "பிளைமூத்" என்பார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமாட் என்று இங்கே விற்றவை பிளைமவுத் உடம்பில் வேறு முகம் ஒட்டியவை. பக்கவாட்டுப் படம் மட்டும் இருந்தால் "பிளைமவுத் குடும்பம்" என்பதோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. ஷெவர்லேயின் இம்பாலாவுக்குப் பின்பக்கத்து டேஞ்சர் லைட்டை எண்ணுங்கள்: பக்கத்துக்கு மூன்று வட்டம் என்றால் இம்பாலா, இரண்டு என்றால் பெல் ஏர் அல்லது பிஸ்கேன். இந்தக் கணக்கு 1958-க்கும், 1960 முதல் 1965 வரையிலும். இடையில் 1959 மாடலுக்கு மட்டும் வட்டமே கிடையாது, பூனைக்கண் மாதிரி படுத்திருக்கும்.

ஜானவாசக் கார் என்னும் தனி ஜாதி

சீமைப் புத்தகங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. ஊர்வலத்தில் மாப்பிள்ளையை எல்லோரும் பார்க்க வேண்டும், அதனால் திறந்த கார் வேண்டும். கம்பெனியே கேன்வாஸ் கூரையோடு செய்த வண்டிகள் கொஞ்சம்தான் இருந்தன. மிச்சத்துக்கு நம் பட்டறைக்காரர்கள் சாதாரண மூடிய வண்டியின் கூரையை அறுத்துத் தள்ளிவிட்டு, வெட்டிய ஓரத்தில் ரெக்சின் தைத்து வாடகைக்கு விட்டார்கள். ஆகையால் திறந்த காரைப் பார்த்ததும் கம்பெனிப் பட்டியலில் "கன்வர்ட்டிபிள்" என்று தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

அறுத்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவை எண்ணுங்கள். ஐம்பதுகளுக்குப் பிந்திய உடம்பில் நாலு கதவும் இருந்து கூரை மட்டும் இல்லையென்றால் அநேகமாக அறுத்ததுதான். பின்சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த கேன்வாஸ் மூட்டை தெரிகிறதா? இல்லையென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முன்கண்ணாடியின் மேல்சட்டத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி வேலை என்றால் அது மெல்லியதாக, பளபளப்பாக முடிந்திருக்கும். பட்டறை வேலையில் அறுத்த இடத்தில் தடிமனாகத் தகடு மடித்திருப்பார்கள். அந்த ஓரத்தின் மேல்தான் மல்லிகைச் சரத்தைச் சுற்றி மறைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுப் படத்தில் இதெல்லாமே இருந்தது. நாலு கதவு, தடித்த சட்டம், பானட்டில் பள்ளம். பூவுக்கு நடுவே ஒரு கையகல இடத்தில் கிரில் தெரிந்தது: நெருக்கமான சிறு கட்டங்கள்.

வண்டியைத் தவிர மற்றதெல்லாம்

இங்கே ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். படத்தில் இருப்பதில் எது மிகப் புதியதோ அதுதான் வருஷத்தைச் சொல்லும். 1948 மாடல் ஆஸ்டின் 1970-ல்கூட ஓடியிருக்கும், நம் ஆட்கள் வண்டியை லேசில் விடமாட்டார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு ஹெரால்டின் மூக்கு அரை அங்குலம் எட்டிப் பார்த்தால் படம் 1961-க்கு முந்தியது இல்லை, அவ்வளவுதான். பழைய அம்பாசடருக்குப் புதுக் கிரில் மாட்டியிருந்தாலும் இந்த விதி கவிழாது. அந்தக் கிரில் பிறந்த வருஷத்துக்குப் பிறகுதானே படம் எடுத்திருக்க முடியும்?

நம்பர் பிளேட்டும் இப்படித்தான். மெட்ராஸ் ராஜ்ய காலத்துப் பதிவுகள் எம் எழுத்தில் தொடங்கும். 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின் டி எழுத்து வரிசைகள் வந்தன; எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். தஞ்சாவூருக்கு டி.என். 49, திருவாரூருக்கு 50, நாகப்பட்டினத்துக்கு 51 என்ற முறை 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. பழைய வண்டி பழைய நம்பரோடே ஓடும் என்பதால் எம் எழுத்தைப் பார்த்துப் படத்தின் வயதை முடிவு செய்துவிடாதீர்கள்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு மகாமகம் ஒரு வரப்பிரசாதம். 1945, 1956, 1968, 1980, 1992 என்று வருஷம் முன்கூட்டியே தெரியும். குளக்கரைக் கூட்டத்துக்கு நடுவே அம்பாசடர் இருந்தால் அது 1956 மகாமகம் இல்லை. அப்போது அந்த வண்டியே பிறக்கவில்லை. மார்க் 4 முகம் தெரிந்தால் 1968-ம் அடிபட்டுப்போகும். பஸ்ஸின் மேல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் "சோழன்" என்ற பெயர் இருந்தால் 1972-க்குப் பிறகு. கடைப் பலகையில் மாயவரமா மயிலாடுதுறையா என்றும் பாருங்கள். பெயர் மாறியது 1982-ல். ஆனால் வாயில் இன்னமும் மாயவரம்தான் வருகிறது, கடைக்காரர்களும் பலகையை அவசரப்பட்டு மாற்றவில்லை. அதனால் மாயவரம் என்று இருந்தால் எதையும் சொல்லாது, மயிலாடுதுறை என்று இருந்தால் சொல்லும்.

சினிமாக் கார்

சினிமாவில் முதல் சோதனை சக்கரம். சக்கரம் வட்டமாக இருக்கிறதா? பழைய படங்களை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள். ஃபியட்கூட இம்பாலா மாதிரி நீண்டு படுத்திருக்கும். சக்கரம் முட்டையாகத் தெரிந்தால் அகலத்தைக் குறைத்து வட்டமாக்கிவிட்டு அப்புறம் பார்க்கத் தொடங்குங்கள்.

இரண்டாவது, ஒரு காட்சியில் ஓடுவது ஒரே வண்டி என்று நம்பாதீர்கள். வெளியே ரோட்டில் ஓடுவது ஒன்று, ஸ்டூடியோவில் பின்திரைக்கு முன்னால் நடிகர்கள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டுவது இன்னொன்று. ரோடு நேராகப் போகும், கதாநாயகன் கை மட்டும் ஓயாமல் அசையும். மலைப்பள்ளத்தில் உருள்வது பல சமயம் மூன்றாவது வண்டி. நல்ல காரை யார் உருட்டுவார்கள்? எங்கேயோ கிடந்த உருப்படி ஒன்றுக்கு அதே பெயின்ட் அடித்துத் தள்ளிவிடுவார்கள். எனவே முன்பக்கம், பக்கவாடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் படம் பிடித்து, மூன்றும் ஒன்றா என்று பாருங்கள்.

டூயட்டில் திறந்த கார் ஏன் என்றால் வெளிச்சமும் கேமராவும் உள்ளே போக வேண்டுமே. அந்தப் பெரிய வண்டிகளில் சில, வெளிநாட்டுத் தூதரகங்கள் கழித்துவிட்டு அரசின் எஸ்.டி.சி. என்ற வர்த்தகக் கழகம் மூலம் விற்பனைக்கு வந்தவை. நம்பரைக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரே வண்டி இரண்டு மூன்று படங்களில் தலைகாட்டுவதைப் பிடிக்கலாம். எனக்கு இந்த வேட்டையில்தான் தூக்கம் கெட்டது.

படம் வெளியான வருஷம் மேல் எல்லை, அதற்குப் பிந்திய மாடல் அதில் இருக்க முடியாது. கதை நடக்கும் வருஷம் எதற்கும் உதவாது. சுதந்திரப் போராட்டக் கதையில் ஓரமாக ஒரு மார்க் 2 நின்றால் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வாயைத் திறக்கும்போது

கண்டுபிடிப்பதைவிட அதைச் சொல்வது கஷ்டம். கண்ணால் பார்த்ததையும் அதிலிருந்து ஊகித்ததையும் பிரித்துச் சொல்லுங்கள். "பானட்டில் பள்ளம், கட்டம் போட்ட கிரில், அதனால் அம்பாசடர் மார்க் 2 என்று நினைக்கிறேன்" என்றால் எதிராளி எந்த இடத்தில் மறுக்க வேண்டுமோ அங்கே மறுப்பார். "அம்பாசடர் சார், சந்தேகமே இல்லை" என்றால் சண்டைதான் மிஞ்சும்.

பெரியவர்களிடம் "என்ன கார்?" என்று கேட்காதீர்கள், பிளைமூத் என்றுதான் பதில் வரும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், கியர் ஸ்டியரிங்கிலா தரையிலா, பின்சீட்டில் எத்தனை பேரை அடைப்பீர்கள், நம்பர் என்ன என்று கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் விற்ற வண்டியின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டிரைவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் போனால் இன்னும் நல்லது. அவர்கள் வண்டியை முகத்தால் அடையாளம் வைத்திருப்பதில்லை, எந்த நட்டு எங்கே மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும் என்பதால் வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் படம் என்றால் நாலு பேருக்கு அனுப்பும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் படத்தை நான் பாட்டியிடம்தான் கொண்டுபோனேன். "பாட்டி, இந்தக் கார் 1948-ல கிடையாது. அறுபதுக்கு மேலதான் வந்துது. அப்ப இது பெரிய தாத்தாவா இருக்க முடியாதே?"

பாட்டி கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "அது உன் சின்னத் தாத்தாடா. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மடியில உக்காந்திருக்கானே, அது உங்கப்பன். 48-ல உங்கப்பன் ஏது? நான் அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்?"

பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே "சின்னத் தாத்தா ஜானவாசம். கூரை அறுத்த அம்பாசடர், மார்க் 2 கிரில். 1960-களின் தொடக்கத்துக்கு முந்தியது இல்லை. ஆளைச் சொன்னது பாட்டி" என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டேன்.